பணம் வாங்காத 16-ஆம் இடம்: மாஸ்டர்ஸ் 2023-இல் சாம் பென்னட்

கல்லூரி மாணவர் ஒருவர் உலகின் மிகப் பெரிய கோல்ஃப் போட்டிகளில் ஒன்றில் நான்கு நாளும் ஆடி, 16-ஆம் இடத்தை வேறு சிலரோடு பகிர்ந்துகொண்டார். போட்டியின் மொத்தப் பரிசுத்தொகை 18 மில்லியன் டாலர். அதில் அவருக்கு ஒரு டாலர்கூட இல்லை. அவர் அமெச்சூர், அதாவது தொழிலாக இல்லாமல் ஆடுகிறவர், வாங்கக் கூடாது என்பதுதான் விதி. ஒரு வெள்ளிக் கோப்பையைக் கையில் கொடுத்தார்கள்.

2023 ஏப்ரல் 6 முதல் 9 வரை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அகஸ்டா நேஷனல் மைதானத்தில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டி அது. மாணவர் சாம் பென்னட், டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். அப்போது அவருக்கு வயது 23.

காரைக்குடிப் பக்கம் கல்லூரிப் பிள்ளைகளோடு விளையாட்டுத் திடலில் பொழுதைக் கழிக்கிறவன் நான். இந்த நிகழ்வை அவர்களிடம் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசுவேன். செட்டிநாட்டில் கோல்ஃப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் மிகக் குறைவு. செம்மண்ணும் சரளையுமான பூமி, கண்மாய் நிறைந்தால்தான் விவசாயம். கோல்ஃப் மைதானத்தைக் கண்ணால் பார்க்கக் கொடைக்கானலுக்கோ சென்னைக்கோ போக வேண்டும். கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலுக்குள்ளே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் பல ஆண்டுகள் இருந்தது. நம் செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமியின் குதிரைகள் ஓடிய அதே திடல்தான். ஆனால் இன்றைக்கு நகரத்தார் வீட்டுப் பேரன் பேத்திகள் அமெரிக்காவில் படிக்கிறார்கள், அவர்களில் சிலர் கோல்ஃபும் ஆடுகிறார்கள். அதனால் இந்தக் கேள்வி நம்மூர் வீட்டு முகப்பு வரை வந்துவிட்டது.

இங்கே உள்ளவர்களுக்கு இதில் முதலில் இடறுவது பண விஷயம். கோயில் திருவிழாவை ஒட்டி இரவில் விளக்குப் போட்டுக் கபடி நடத்துவார்கள். கல்லூரிப் பையன்கள் ஆடுவார்கள், ஜெயித்தால் பரிசுத்தொகையை அன்றைக்கே பிரித்துக்கொள்வார்கள். யாரும் தப்பாக நினைப்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில் போய், 16-ஆவதாக வந்தவனுக்குக் காசு கிடையாது என்றால் முதலில் நம்பமாட்டார்கள், அப்புறம் கோபப்படுவார்கள்.

இரண்டாவது இடறல் ஆட்டத்தைப் பற்றியது. "ரெண்டு நாள் பிரமாதமா ஆடினான், மூணாம் நாள் பயந்து சரிஞ்சுட்டான்" என்று இந்தக் கதையை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரி தவறு என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

உள்ளே வந்த வழி

மாஸ்டர்ஸ் எல்லோருக்கும் திறந்த போட்டி அல்ல. அழைப்பு வந்தால்தான் ஆட முடியும். 2023-இல் 88 பேர் ஆடினார்கள், அவர்களில் அமெச்சூர்கள் 7 பேர். இந்தப் போட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பாபி ஜோன்ஸ் கடைசிவரை அமெச்சூராகவே ஆடியவர். 1930-இல் அன்றைய நான்கு பெரிய பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றுவிட்டு ஓய்வு பெற்றார். அதனாலேயே அகஸ்டாவில் அமெச்சூர்களுக்குத் தனி மரியாதை உண்டு. கிளப் கட்டடத்தின் உச்சியில் அவர்கள் தங்க ஓர் அறை, அவர்களுக்கென்று ஒரு விருந்து, கடைசி இரண்டு நாளுக்குத் தகுதி பெறுகிறவர்களில் முதலாவதாக வரும் அமெச்சூருக்கு வெள்ளிக் கோப்பை.

பென்னட் வந்தது யுஎஸ் அமெச்சூர் பட்டத்தின் வழியாக. 312 பேர் தொடங்கும் போட்டி அது. இரண்டு நாள் ஆட்டத்துக்குப் பிறகு 64 பேர் மிஞ்சுவார்கள். அதற்கு மேல் ஒருவருக்கு ஒருவர் என்று ஆறு சுற்று, இறுதிச் சுற்று மட்டும் வழக்கமான 18-க்குப் பதில் 36 குழி. 2022 ஆகஸ்டில் நியூ ஜெர்சியின் ரிட்ஜ்வுட் மைதானத்தில், ஜார்ஜியா சதர்ன் பல்கலைக்கழகத்தின் பென் காரை ஒரே ஒரு குழி வித்தியாசத்தில் பென்னட் வென்றார்.

இதற்கு முன்னால் அவர் எடுத்த ஒரு முடிவைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அந்த ஆண்டுக் கோடையிலேயே அவர் தொழில்முறைக்குப் போயிருக்கலாம், கல்லூரியில் நான்கு ஆண்டு முடிந்திருந்தது. கொரோனா காலத்தால் மாணவர்களுக்குக் கூடுதலாக ஓர் ஆண்டு ஆட அனுமதி இருந்ததால் ஐந்தாம் ஆண்டுக்குத் திரும்பினார். திரும்பியதால்தான் யுஎஸ் அமெச்சூரில் ஆட முடிந்தது. வென்ற பிறகும் ஒரு நிபந்தனை உண்டு: அந்தப் பட்டத்தின் பேரில் மாஸ்டர்ஸில் ஆட வேண்டுமானால் ஏப்ரல் வரை அமெச்சூராகவே இருக்க வேண்டும். இடையில் தொழில்முறைக்கு மாறினால் அந்த அழைப்பு போய்விடும்.

அவர் வளர்ந்தது மேடிசன்வில் என்ற சின்ன டெக்சஸ் ஊர். அப்பா பல் மருத்துவர். இளம் வயதிலேயே வந்த அல்சைமர் நோயால் 2021-இல் இறந்துபோனார். நோய் முற்றிய காலத்தில், எதையும் செய்யக் காத்திருக்காதே என்று அப்பா எழுதிக்கொடுத்த வரியை, அந்த நடுங்கும் கையெழுத்திலேயே மகன் தன் கையில் பச்சை குத்திக்கொண்டிருக்கிறார். பந்தை அடிக்கக் குனியும்போது அது கண்ணில் படும் இடம். அந்த வரியைச் சுமந்தவர்தான் ஓராண்டு காத்திருந்தார். இதில் எனக்கு முரண் எதுவும் தெரியவில்லை. அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, அந்த ஓராண்டில்தான் யுஎஸ் அமெச்சூரையே ஜெயித்தார்.

முதல் இரண்டு நாள்

யுஎஸ் அமெச்சூர் சாம்பியனை முந்தைய ஆண்டு மாஸ்டர்ஸ் சாம்பியனோடு சேர்த்து ஆடவிடுவது அகஸ்டா வழக்கம். அதனால் முதல் இரண்டு நாளும் ஸ்காட்டி ஷெஃப்லரோடும் மேக்ஸ் ஹோமாவோடும் நடந்தார் பென்னட். கோல்ஃபில் ஒவ்வொரு குழிக்கும் 'பார்' என்று இத்தனை அடி என நிர்ணயம் உண்டு, குறைவாக அடிப்பவரே முன்னால். முதல் குழியில் பேர்டி, பாரைவிட ஓர் அடி குறைவு. இரண்டாம் குழியில், குழியைச் சுற்றி வழவழப்பாக வெட்டிய புல்தரையான கிரீனுக்கு வெளியிலிருந்து தட்டிய பந்து உருண்டு நேராகக் குழிக்குள் விழுந்து ஈகிள், பாரைவிட இரண்டு அடி குறைவு. இரண்டே குழியில் பாருக்கு 3 கீழே. அன்றைக்கு மொத்தம் 68 அடி.

மறுநாளும் 68. பார் 72 உள்ள மைதானத்தில் இரண்டு நாளுக்கு 136. மாஸ்டர்ஸ் வரலாற்றில் ஓர் அமெச்சூர் முதல் 36 குழியை இதைவிடக் குறைவாக முடித்தது ஒரே முறைதான்: 1956-இல் கென் வென்சூரி, 135. அந்த ஆண்டு வென்சூரி கடைசி நாள் 80 அடித்து, ஒரே அடியில் பட்டத்தை இழந்தார். இன்றுவரை எந்த அமெச்சூரும் மாஸ்டர்ஸை வென்றதில்லை.

பாதி ஆட்டம் முடிந்தபோது புரூக்ஸ் கெப்கா பாருக்கு 12 கீழே, ஜான் ராம் 10 கீழே, மூன்றாவதாகப் பென்னட் 8 கீழே. மற்ற ஆறு அமெச்சூர்களும் தகுதி பெறாமல் வெளியேறியிருந்தார்கள்.

மூன்றாம் நாள்

வெள்ளிக்கிழமை காற்றில் 17-ஆம் குழிப் பக்கம் பெரிய பைன் மரங்கள் சாய்ந்தன. நல்லவேளை, ஒருவருக்கும் அடிபடவில்லை. சனிக்கிழமை விடாத மழை, குளிர். வானிலைக்காக மூன்று மூன்று பேராக ஆட வைத்தார்கள். அதனால் கடைசி அணியில் கெப்கா, ராம், பென்னட் மூவரும் ஒன்றாக நடந்தார்கள். நான்கு பெரிய பட்டம் வென்ற ஒருவர், 2021-இல் யுஎஸ் ஓப்பன் வென்ற ஒருவர், நடுவில் ஒரு மாணவர். பிற்பகல் 3:15-க்கு கிரீனில் தண்ணீர் தேங்கி ஆட்டத்தை நிறுத்தும்போது அவர்கள் ஏழாம் குழியில் இருந்தார்கள். பென்னட் பாருக்கு 6 கீழே, இன்னும் மூன்றாம் இடம்.

மிச்சம் ஞாயிறு காலை 8:30-க்குத் தொடங்கியது. நம்மூரில் அப்போது மாலை 6 மணி. காலையில் மிச்சமிருந்த கிட்டத்தட்ட 12 குழியை முடித்து, உடனே மத்தியானம் இன்னொரு 18. ஒரே நாளில் கிட்டத்தட்ட 30 குழி நடக்க வேண்டும். ராம் வெற்றியாளருக்கான பச்சை மேலங்கியைப் போட்டுக்கொண்டபோது இங்கே விடியப்போகிறது.

பென்னட்டின் மூன்றாம் சுற்று 76, நான்காம் சுற்று 74. மொத்தம் 286, பாருக்கு 2 கீழே. "சரிந்தான்" என்ற பேச்சு இந்த 76-இலிருந்து வந்தது.

இப்போது அந்த மூன்றாம் சுற்றில் அதே மழையில், அதே நேரத்தில், அதே அணியில் ஆடிய கெப்காவின் அட்டையைப் பக்கத்தில் வையுங்கள். மூன்றாம் சுற்று 73, நான்காம் சுற்று 75. கூட்டினால் 148. பென்னட்டின் கடைசி இரண்டு சுற்று 150. வித்தியாசம் இரண்டே அடி. உலகத்தின் எந்தப் பெரிய போட்டியிலும் அசராதவர் என்று பெயரெடுத்த கெப்காவுக்கும் கல்லூரிப் பையனுக்கும் அந்த 36 குழியில் இரண்டு அடிதான் இடைவெளி. அதே கெப்கா அடுத்த மாதம் பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்றார். அவரைப் பற்றி இங்கே யாரும் பயந்தார் என்று சொல்வதில்லை.

ராமின் எண்கள் வேறு: 73, 69, ஆக 142. மூவரில் அவர் ஒருவர்தான் அந்த நிலைமையைத் தாண்டி வந்தார், 276-இல் பட்டமும் பெற்றார். ஆக அந்த வார இறுதியில் நடந்ததை அமெச்சூர் ஒருவரின் நடுக்கம் என்று படிப்பது சரியில்லை. மழை, குளிர், இரவு முழுக்க மனத்தில் சுமந்த பாதிச் சுற்று, பிறகு 30 குழி நடை என்று எல்லோரையும் அது பிழிந்தது. பென்னட்டுக்கும் கெப்காவுக்கும் இருந்த இடைவெளியில் பெரும்பகுதி முதல் இரண்டு நாளிலேயே வந்தது. அங்கே நான்கு, இங்கே இரண்டு.

என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இதை நான் அழுத்திச் சொல்வது ஒரு காரணத்துக்காக. மாவட்டத்தைத் தாண்டி மாநிலப் போட்டிக்குப் போய் ஒரு சுற்றில் தோற்றால், "பெரிய எடத்துல போயி நடுங்கிட்டான்" என்று வீட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பெயர் பையனை விட்டுப் போவதே இல்லை. கூட ஆடியவர்கள் அன்றைக்கு எப்படி ஆடினார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

பணக் கணக்கு

கண்டனூரில் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பத்துப் பேரன் அமெரிக்கக் கல்லூரியில் கோல்ஃப் ஆடுகிறான். தொழில்முறைக்குப் போவதா, படிப்பை முடிப்பதா என்று வீட்டில் பேச்சு. அதற்காகத்தான் இந்த நிகழ்வை முதன்முதலில் தாளில் எழுதி எடுத்துப் போனேன். பெரியவருக்கு எண்பதைத் தாண்டிய வயது. முகப்பில் சாய்வு நாற்காலியில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டார்.

"தம்பி, செயிச்சவனுக்கு எவ்வளவு குடுத்தான்?"

"3.24 மில்லியன் டாலர் ஐயா. அன்னிக்கு நம்ம ரூபாயில 26 கோடிக்கு மேல."

"இந்தப் பையனுக்கு?"

"ஒண்ணும் இல்லைங்க ஐயா. அவன் பங்கு கீழே இருக்கிறவங்களுக்கு நகர்ந்துடும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. உள்ளே வளவிலிருந்து ஆச்சிதான் குரல் கொடுத்தார்: "அப்ப எதுக்குப் போயி நாலு நாள் மழையில நனையணும்?"

பெரியவர் சொன்ன பதில் என் ஆய்வில் இல்லாத ஒன்று. "நான் மலேயாவுல, ஈப்போவுல, வட்டிக்கடையில பெட்டியடிப் பையனா உட்கார்ந்தப்ப மூணு வருசக் கணக்கு. சம்பளம் பேருக்குத்தான். வேற கடையில கூடக் கேட்டாங்க, அப்பச்சி விடலை. ஆனா மேலாள் எப்படிக் கணக்குப் பார்க்குறாரு, எவனுக்குக் கடன் இல்லேன்னு சொல்றாருன்னு பக்கத்துல இருந்து பார்த்தேன்ல. அடுத்தாளாப் போனப்ப அதுதானே கை குடுத்துச்சு. இவன் அந்த ரெண்டு பெரிய ஆட்டக்காரனுக்குப் பக்கத்துல நின்னு பார்த்திருக்கான். சரி, அதுக்கு அவன் குடுத்த வெலை அது."

பெரியவர் சொன்னது பெருமளவு பொருந்துகிறது என்பதற்கு அந்த மாஸ்டர்ஸின் பட்டியலே சாட்சி. வென்ற ஜான் ராம் அரிசோனா ஸ்டேட் மாணவராக 2016 யுஎஸ் ஓப்பனில் முதல் அமெச்சூராக வந்தவர். கெப்காவோடு இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்ட ஃபில் மிக்கெல்சன், அதே கல்லூரியில் படிக்கும்போது 1991-இல் டூசானில், அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரின் ஒரு போட்டியையே வென்றவர். ராமுக்குக் கல்லூரியில் பயிற்சியாளராக இருந்தவர் மிக்கெல்சனின் தம்பி டிம். பென்னட்டோடு நடந்த ஷெஃப்லர், டெக்சஸ் பல்கலைக்கழக மாணவராக 2017 யுஎஸ் ஓப்பனில் முதல் அமெச்சூர். மேலே நெருங்கி வந்து ஆடிய விக்டர் ஹோவ்லண்ட், 2019-இல் மாஸ்டர்ஸ், யுஎஸ் ஓப்பன் இரண்டிலும் முதல் அமெச்சூர். பணம் வாங்காமல் இந்தப் போட்டிகளில் நடந்தவர்கள்தான் பிறகு முன்வரிசையில் நின்றார்கள்.

எப்போதும் காத்திருப்பதா?

பெரியவர் அதோடு நிறுத்தவில்லை. ஆகவே படிப்பு முடியும்வரை பையன் அசையக் கூடாது என்று தீர்ப்பும் சொன்னார். அந்த இடத்தில் நான் உடன்படவில்லை, அவரிடமே சொன்னேன்.

2024 ஜனவரி 21-ஆம் தேதி கலிஃபோர்னியாவில் நடந்த அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் போட்டியை நிக் டன்லப் என்ற அலபாமா பல்கலைக்கழக மாணவர் வென்றார். வயது 20. மூன்றாம் சுற்றில் 60, நான்கு சுற்றுக்கு 259. மிக்கெல்சனுக்குப் பிறகு பிஜிஏ டூர் போட்டியை வென்ற முதல் அமெச்சூர். வெற்றிப் பணம் 15 லட்சத்து 12 ஆயிரம் டாலர், ஒரு அடி பின்னால் வந்த கிறிஸ்டியான் பெசூய்டன்ஹவுட்டுக்குப் போனது. டன்லப் அதே வாரத்தில் கல்லூரியை விட்டுத் தொழில்முறைக்கு மாறினார். ஏனென்றால் அந்த வெற்றி அவருக்கு 2026 முடிய டூரில் ஆடும் உரிமையைக் கொடுத்துவிட்டது, மாஸ்டர்ஸ் வாசலையும் திறந்தே வைத்தது. இனி காத்திருந்தால் உரிமைக் காலம்தான் கரையும். அதே ஜூலையில் தொழில்முறை ஆட்டக்காரராகவும் ஒரு போட்டியை வென்றார்.

லுட்விக் ஓபெரியின் வழி இன்னொன்று. டெக்சஸ் டெக் மாணவர். அமெச்சூராக மாஸ்டர்ஸில் ஆடியதே இல்லை. கல்லூரி ஆட்டத் தரவரிசையில் முதலிடம் பிடித்து, 2023-இல் நேராக பிஜிஏ டூர் உரிமையைப் பெற்றார். அடுத்த ஆண்டு தன் முதல் மாஸ்டர்ஸிலேயே இரண்டாம் இடம். அகஸ்டாவை அமெச்சூராகப் பார்த்தால்தான் வளர முடியும் என்று சொல்ல இடமில்லை.

கார்டன் சார்ஜன்ட், 2023-இல் பென்னட்டோடு ஆடிய ஏழு அமெச்சூர்களில் ஒருவர், எதிர்ப்பக்கம் போனார். டூர் உரிமைக்கான புள்ளிகளைக் கல்லூரியில் இருக்கும்போதே சேர்த்துவிட்டார். அந்த உரிமை காத்திருக்கும் என்று விதி இருந்ததால் வேண்டர்பில்ட்டில் படிப்பை முடிக்கத் தங்கிவிட்டார்.

இந்த நால்வரையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: கையில் உள்ள வாய்ப்பு எந்த நிபந்தனையோடு வருகிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பென்னட்டின் அழைப்பு அமெச்சூராக இருந்தால்தான் செல்லும், காத்திருந்தார். டன்லப்பின் உரிமை அன்றே ஓடத் தொடங்கியது, கிளம்பினார். சார்ஜன்டின் உரிமை காத்திருக்கும், தங்கினார். பையனுக்குப் பொறுமை இருக்கிறதா, ஆசை அதிகமா என்று குணத்தை வைத்துப் பேசிக்கொண்டிருப்பதில் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

நம் பிள்ளைகளுக்குச் சில விவரங்கள்

2022-இல் அமெச்சூர் விதிகள் தளர்ந்தன. விளம்பரம், ஆதரவுப் பணம் வாங்கலாம். பரிசுப் பணம் மட்டும் ஒரு போட்டிக்கு 1,000 டாலருக்கு மேல் வாங்கினால் அமெச்சூர் நிலை போய்விடும். காசுக்குக் கோல்ஃப் கற்றுக்கொடுத்தாலும் அப்படித்தான். கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ 2021 ஜூலையில் மாணவர்கள் தங்கள் பெயரைக் கொண்டு சம்பாதிக்க அனுமதித்தது. ஆனால் மாணவர் விசாவில் போகும் நம் பிள்ளைகளுக்கு விசா விதிகள் குறுக்கே நிற்கும். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

உதவித்தொகை பற்றியும் இங்கே பெரிய கற்பனைகள் உலவுகின்றன. 2025 வரை முதல்நிலைக் கல்லூரி ஆண்கள் கோல்ஃப் அணி ஒன்றுக்கு மொத்தமே 4.5 முழு உதவித்தொகைதான். அதைத்தான் அணி முழுவதும் பிரித்துக் கொடுப்பார்கள். பேரன் கோல்ஃப் ஆடுவதால் படிப்புச் செலவே இல்லை என்று கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

பென்னட்டின் கணக்கில் எனக்கு இன்னும் உறுத்துகிற ஓர் எண் உண்டு. மாஸ்டர்ஸில் முதல் 12 இடத்துக்குள் வருபவர்களுக்கு அடுத்த ஆண்டும் அழைப்பு உண்டு. 2023-இல் அதற்குத் தேவைப்பட்டது பாருக்கு 4 கீழே. பென்னட் முடித்தது 2 கீழே. பரிசுப் பணத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், எனக்கு இந்த இரண்டு அடிதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது. கெப்காவோடு ஒப்பிட்டால் கடைசி 36 குழியில் அவர் விட்டதும் அதே இரண்டு அடி. அந்தக் கோடையில் அவர் தொழில்முறைக்கு மாறினார். முதன்மை டூருக்கு ஒரு படி கீழே உள்ள கோர்ன் ஃபெர்ரி டூரில் ஆட வேண்டியிருந்தது.

கண்டனூர்ப் பேரனுக்கு இன்னும் ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. கையில் தேதி போட்ட வாய்ப்பு எதுவும் இப்போது இல்லை. அதனால் அவன் விஷயத்தில் பெரியவரும் நானும் ஒரே பக்கம்தான். இந்தக் கோடையில் யுஎஸ் அமெச்சூர் தகுதிச் சுற்றுக்குப் பேர் கொடுத்திருக்கிறான்.